எவ்வளவு, எப்போது: தாயையும் சேயையும் தொடும் வேதிப்பொருள்கள்

12 கிலோ எடையுள்ள ஒரு குழந்தையின் உடலில் ஓடும் ரத்தம் மொத்தம் ஏறத்தாழ 900 மில்லிலிட்டர், அதாவது 9 டெசிலிட்டர். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் காரீயம் இருந்தால், அந்தக் குழந்தையின் முழு ரத்தத்திலும் சேர்த்து 45 மைக்ரோகிராம் இருக்கும். தூள் உப்பில் ஒரே ஒரு பரலை எடுத்து நிறுத்துப் பார்த்தால் அதன் எடை சுமார் 60 மைக்ரோகிராம். ஓர் உப்புப் பரலுக்கும் குறைவான இந்த அளவைத் தொட்டுவிட்டாலே, காரீயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்பிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்.

பேச்சில் ஈயம் என்று பொதுவாகச் சொல்கிறோம். வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. இந்தக் கட்டுரையில் வருவது பேட்டரித் தகட்டிலும், பழைய பெயின்டிலும், பழைய குழாய் இணைப்புகளிலும் இருக்கும் காரீயம்.

ஒரு பொருள் நஞ்சா இல்லையா என்பதை அதன் அளவுதான் தீர்மானிக்கிறது என்று பதினாறாம் நூற்றாண்டில் மருத்துவர் பாராசெல்சஸ் சொன்னார். நச்சியல் படிக்கும் எவருக்கும் இன்றும் அதுதான் முதல் பாடம். கருவிலும் குழந்தைப் பருவத்திலும் அந்தப் பாடம் மட்டும் போதாது. எவ்வளவு என்று கேட்கும்போதே எப்போது என்றும் கேட்க வேண்டும். வளர்ந்தவரின் மூளை கட்டி முடித்த வீடு. ஒரு செங்கல் பெயர்ந்தால் அந்த இடத்தோடு போகும். குழந்தையின் மூளையில் இன்னும் அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அங்கே ஒரு கல் தவறினால் மேலே எழும் சுவர் எல்லாம் கோணும்.

நஞ்சுக்கொடி என்ற வடிகட்டி

தாயின் ரத்தமும் கருவின் ரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. இடையில் நஞ்சுக்கொடி நிற்கிறது. ஆக்சிஜனையும் சத்துக்களையும் உள்ளே அனுப்பி, கழிவை வெளியே எடுக்கிறது. அது நச்சுப் பொருள்களையும் தடுத்துவிடும் என்றுதான் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மருத்துவ உலகில் பரவலாக நம்பினார்கள். அந்த நம்பிக்கையை உடைத்த இடங்களில் ஒன்று ஜப்பானின் மினமாட்டா.

அங்கே சிஸ்ஸோ நிறுவனத்தின் ரசாயன ஆலையில் அசிட்டால்டிஹைடு தயாரிக்கப் பாதரசத்தை வினையூக்கியாகப் பயன்படுத்தினார்கள். கழிவோடு மெத்தில் பாதரசம் விரிகுடாவில் கலந்தது. சிறிய உயிரிகளிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து மனிதருக்கும் ஏறியது. மீனைத் தின்றவர்களின் நரம்பைத் தாக்கிய அந்த நோய் 1956 மே மாதம் அதிகாரபூர்வமாகப் பதிவானது. கழிவு கலப்பது நின்றதோ 1968-இல். இடைப்பட்ட காலத்தில் அந்தக் கரையோரத்தில் மூளை முடக்குவாதம் போன்ற பாதிப்புடன் குழந்தைகள் பிறந்தன. அவை மீனே சாப்பிட்டதில்லை. அவற்றைப் பெற்ற தாய்மார் பலருக்கு அறிகுறி லேசாக இருந்தது, சிலருக்கு இல்லவே இல்லை. நச்சு தாயின் வழியாகக் கருவுக்குள் போயிருக்க வேண்டும் என்பதை நிலைநாட்ட உழைத்தவர்களில் முக்கியமானவர் மருத்துவர் மசாசுமி ஹரடா. குழந்தையின் தொப்புள்கொடித் துண்டை உலர்த்திச் சிறு பெட்டியில் பத்திரப்படுத்தும் வழக்கம் அங்கே உண்டு. பல ஆண்டுகள் கழித்து அந்தத் துண்டுகளைச் சோதித்தபோது மெத்தில் பாதரசம் அதில் இருந்தது. எந்த ஆண்டுகளில் ஆலையின் உற்பத்தி உயர்ந்ததோ, அந்த ஆண்டுகளில் பிறந்தவர்களின் கொடியில் பாதரசமும் உயர்ந்திருந்தது.

எப்படி நுழைகிறது? மெத்தில் பாதரசம் சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொள்ளும்போது, உடலுக்குத் தேவையான மெத்தியோனைன் என்ற இன்னோர் அமினோ அமிலத்தின் சாயலைப் பெறுகிறது. நஞ்சுக்கொடி அதைச் சத்து என்று நினைத்துத் தானே கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போகிறது. இதனால்தான் தொப்புள்கொடி ரத்தத்தில் உள்ள பாதரசம் தாயின் ரத்தத்தில் உள்ளதைப் போல சுமார் 1.7 மடங்கு இருக்கிறது. வடிகட்டி வடிகட்டவில்லை என்பதோடு நிற்கவில்லை, சேர்த்துக் கொடுத்திருக்கிறது.

காரீயம் வேறு வழியில் போகிறது. உடல் அதைக் கால்சியம் என்று நம்பி ஏமாறுகிறது. அதனால் நஞ்சுக்கொடியைத் தடையில்லாமல் தாண்டிவிடுகிறது. தாயின் ரத்தத்தில் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு கருவிலும் இருக்கும். கார்பன் மோனாக்சைடு இன்னும் கொடியது. கருவின் ஹீமோகுளோபின் அதை இறுக்கமாகப் பிடித்துக்கொள்வதால், தாய் தெளிந்து எழுந்த பிறகும் கருவின் ரத்தத்திலிருந்து அது வெளியேற நெடுநேரம் ஆகும். மூடிய இடத்தில் ஜெனரேட்டரோ கரி அடுப்போ எரிந்து கர்ப்பிணிக்குத் தலைவலியும் குமட்டலும் வந்தால், "காற்றாட உட்கார்ந்தேன், சரியாகிவிட்டது" என்று விட்டுவிடக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கருவைக் கருதி, வழக்கத்தைவிட நீண்ட நேரம் ஆக்சிஜன் கொடுப்பார்கள்.

நாள் கணக்கு

கருத்தரித்த 28-ஆம் நாளுக்குள் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் அடிப்படையான நரம்புக்குழல் மூடிவிடுகிறது. மாதவிடாய் தள்ளிப்போனது தெரிவதே கருத்தரித்து இரண்டு வாரம் கழித்துத்தான். உறுதிப்படுத்திக்கொண்டு மருத்துவரைப் பார்க்கும்போது அந்த 28 நாள் பெரும்பாலும் முடிந்திருக்கும். மூன்றாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை இதயம், கை கால், கண், காது என்று உறுப்புகளின் அடிப்படை வடிவம் உருவாகிறது. இந்த வாரங்களில் ஏற்படும் பாதிப்பு உருவக் குறையாக வெளியே தெரியும். அதற்குப் பிறகு ஏற்படும் பாதிப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. நரம்பணுக்கள் தம் இடத்துக்கு நகர்வதும் ஒன்றோடொன்று இணைவதும் கர்ப்பகாலம் முழுக்கவும், பிறந்த பிறகு பல ஆண்டுகளும் தொடர்கின்றன. இரண்டு வயதில் மூளை வளர்ந்தவரின் மூளை அளவில் சுமார் 80 சதவீதத்தை எட்டிவிடும். அந்த வேகத்தில் நடக்கும் வேலையில் குறுக்கிடும் பொருள், கவனக் குறைவாகவோ கற்றல் தாமதமாகவோ பள்ளி வயதில்தான் தலைகாட்டும்.

ஹார்மோன்களுக்கும் இதே கதைதான். கர்ப்பத்தின் முதல் சில மாதங்களில் கருவுக்குச் சொந்தமாகத் தைராய்டு ஹார்மோன் கிடையாது, தாயிடமிருந்து வருவதுதான். தாயின் தைராய்டு வேலையைக் குலைக்கும் எதுவும் அந்த மாதங்களில் கருவின் மூளை வளர்ச்சியைத் தொடும்.

ஆகவே, இந்தக் கட்டுரையின் பின்பாதியில் வரும் நடைமுறைகளைக் கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து தொடங்குவது நல்லதுதான். குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்த நாளிலிருந்து தொடங்கினால் இன்னும் நல்லது.

கிலோவுக்குக் கணக்குப் போட்டால்

60 கிலோ எடையுள்ளவர் நாளுக்கு 2 லிட்டர் தண்ணீர் குடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ எடைக்கு 33 மில்லிலிட்டர். பால்பவுடர் கரைத்துக் குடிக்கும் 5 கிலோ சிசு நாளுக்கு 750 மில்லிலிட்டர் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஒரு கிலோவுக்கு 150 மில்லிலிட்டர். அதே குழாய், அதே தண்ணீர். ஆனால் சிசுவுக்குக் கிடைக்கும் பங்கு நான்கரை மடங்கு. காற்றிலும் அப்படித்தான், எடைக்கு ஈடாகப் பார்த்தால் குழந்தை நம்மைவிட அதிகம் சுவாசிக்கிறது. அதுவும் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், தூசு படியும் இடத்தில்.

உள்ளே போன பிறகும் கணக்கு மாறுகிறது. வளர்ந்தவர் விழுங்கிய காரீயத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கை அல்லது அதற்கும் குறைவாகக் குடல் உறிஞ்சும், மீதி வெளியேறிவிடும். சிறு குழந்தையின் குடல் 40 முதல் 50 சதவீதம் வரை உறிஞ்சிக்கொள்ளும். இரும்புச்சத்து குறைவாக இருந்தால் இன்னும் கூடும், ஏனென்றால் இரும்பை உள்ளே எடுத்துச்செல்லும் அதே வாசல்தான் காரீயத்துக்கும் திறக்கிறது. இரும்பு வராதபோது உடல் வாசல்களை அதிகமாகத் திறந்துவைத்துக் காத்திருக்கும்; காரீயம் புகுந்துவிடும். வெறும் வயிற்றிலும் உறிஞ்சுவது அதிகம். ரத்தசோகை உள்ள குழந்தை, காலை உணவு இல்லாமல், பெயின்ட் உதிரும் திண்ணையில் விளையாடும்போது இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்கின்றன.

நைட்ரேட்டை ஆறு மாதத்துக்குக் குறைந்த சிசுக்களின் தனிப்பட்ட ஆபத்து என்றே சொல்லலாம். உரமும் கழிவும் ஊறிய கிணற்று நீரில் அது சேரும். சிசுவின் வயிற்றில் அமிலம் குறைவாக இருப்பதால் கிருமிகள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட் ஹீமோகுளோபினைக் கெடுத்து ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் செய்கிறது. உதடும் விரல் நுனியும் நீலம் பாரிக்கும். 1945-இலேயே அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர் இதைக் கிணற்று நீரோடு தொடர்புபடுத்திப் பதிவு செய்தார். குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு சிசுக்களைக் காக்க வைத்த வரம்புதான்.

தாயின் எலும்பில் இருக்கும் பழைய பாக்கி

காரீயம் ரத்தத்தில் சுமார் ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். அதில் ஒரு பகுதி வெளியேறாமல் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்; அங்கே பத்தாண்டுக் கணக்கில் தங்கும். வளர்ந்தவர் உடலில் உள்ள காரீயத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் எலும்பில்தான் இருக்கிறது. கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் குழந்தையின் எலும்புக்காகத் தாயின் எலும்பு கரைந்து கால்சியம் கொடுக்கும்போது, கூடவே அந்தப் பழைய காரீயமும் ரத்தத்துக்குத் திரும்புகிறது. தாய் தன் பத்து வயதில் சுவாசித்தது, முப்பது வயதில் அவள் குழந்தையைத் தொடுகிறது.

இது ஊகம் இல்லை, நேரடியாக அளந்த உண்மை. ஒவ்வொரு நாட்டுச் சுரங்கத்துக் காரீயத்துக்கும் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) விகிதம் வேறு வேறு, கைரேகை மாதிரி. வேறு நாடுகளிலிருந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய பெண்களைக் கர்ப்பகாலம் முழுதும் ஆய்வாளர் பிரையன் குல்சன் குழுவினர் தொடர்ந்து சோதித்தார்கள். கர்ப்பத்தின் பின்பகுதியிலும் பிரசவத்துக்குப் பிறகும் ரத்தத்தில் கூடிய காரீயம் அவர்கள் விட்டுவந்த நாட்டின் ரேகையைக் கொண்டிருந்தது. எலும்பிலிருந்துதான் வந்திருக்கிறது.

இங்கேதான் கால்சியம் கைகொடுக்கிறது. உணவில் போதிய கால்சியம் இருந்தால் எலும்பைக் கரைக்க வேண்டிய தேவை குறையும். மெக்சிகோவில் கர்ப்பிணிகளுக்குத் தினமும் 1200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்த ஓர் ஆய்வில் ரத்தக் காரீயம் சராசரியாகச் சுமார் 11 சதவீதம் குறைந்தது. மாத்திரையை மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். இரும்பு மாத்திரையோடு ஒரே நேரத்தில் விழுங்கினால் கால்சியம் இரும்பின் உறிஞ்சலைக் குறைக்கும் என்பதால் இரண்டுக்கும் இடையே சில மணி நேரம் இடைவெளி விடுவார்கள்.

இதைப் படிக்கும் தாய்மார் தங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்ள வேண்டாம். பெட்ரோலில் காரீயம் கலந்ததை எந்தத் தாயும் தன் வீட்டுக் கதவைச் சாத்தித் தடுத்திருக்க முடியாது. சட்டங்கள்தான் தடுத்தன. அமெரிக்காவில் 1970-களின் பிற்பகுதியில் ஐந்து வயது வரையிலான குழந்தைகளின் ரத்தக் காரீயம் சராசரியாக டெசிலிட்டருக்குச் சுமார் 15 மைக்ரோகிராம். பெட்ரோல், பெயின்ட், உணவு டின் ஆகியவற்றிலிருந்து காரீயத்தை நீக்கிய பிறகு இன்று ஒன்றுக்கும் கீழ். காரீயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியா அதை நிறுத்தியது 2021-இல்தான்.

தாய்ப்பாலை நிறுத்தலாமா?

நிறுத்த வேண்டாம். டிடிடி என்ற பூச்சிக்கொல்லி, மின்கருவி எண்ணெயில் இருந்த பிசிபி, குப்பை எரியும்போது உண்டாகும் டயாக்சின் போன்றவை கொழுப்பில் கரைந்து தங்குபவை. பால் கொழுப்போடு அவையும் கொஞ்சம் வரும் என்பது உண்மை. ஆனாலும் நோய்த் தொற்றிலிருந்து காப்பது தொடங்கி மூளை வளர்ச்சி வரை தாய்ப்பால் தரும் நன்மை, சாதாரண அளவில் வரும் இந்தப் பொருள்களின் தீமையைவிட மிகப் பெரியது. பல நாடுகளில் இவற்றைத் தடை செய்த பின் பாலில் அவற்றின் அளவு பல பத்தாண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. தவிர, மாற்றாகக் கொடுக்கும் பால்பவுடரை எந்தத் தண்ணீரில் கரைப்பது என்ற கேள்வி உடனே வந்து நிற்கும். தாய்க்கு மிக அதிக அளவில் காரீயம் இருப்பது பரிசோதனையில் தெரிந்தால் மட்டும் மருத்துவர் தனியாக முடிவெடுப்பார். பால் கொடுக்கும்போது வேகமாக எடை குறைக்கும் கடும் பத்தியத்தைத் தவிர்ப்பது நல்லது. கொழுப்பு கரையும்போது அதில் தங்கியவையும் வெளியே வரும்.

சில மணி நேர விருந்தாளிகள்

எல்லாப் பொருளும் எலும்பிலோ கொழுப்பிலோ குடியிருப்பதில்லை. பிளாஸ்டிக்கில் வரும் பிஸ்பீனால் ஏ (பிபிஏ), தாலேட் ஆகியவை சில மணி நேரத்தில் சிறுநீரில் வெளியேறிவிடும். பிறகு ஏன் எல்லோர் சிறுநீரிலும் இருக்கிறது? தினமும் புதிதாக வந்துகொண்டே இருப்பதால். இதில் ஒரு நல்ல செய்தியும் ஒளிந்திருக்கிறது. 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஐந்து குடும்பங்களைச் சேர்ந்த 20 பேர், டின்னிலும் பிளாஸ்டிக்கிலும் அடைக்காத உணவை மூன்று நாள் சாப்பிட்டார்கள். சிறுநீரில் பிஸ்பீனால் ஏ சராசரியாக 66 சதவீதம் குறைந்தது. மூன்றே நாள்.

சூடு, எண்ணெய், புளிப்பு இந்த மூன்றும் பிளாஸ்டிக்கிலிருந்து பொருள்களை இழுக்கும். கொதிக்கும் குழம்பைப் பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றுவது, மைக்ரோவேவில் பிளாஸ்டிக்கோடு சூடாக்குவது, கீறல் விழுந்த பால்புட்டியை வெந்நீரில் போட்டு எடுப்பது இவற்றை நிறுத்தினாலே பெரும்பகுதி குறையும். எவர்சில்வர், கண்ணாடி போதும். "பிபிஏ இல்லாதது" என்று அச்சிட்ட டப்பாவையும் சூடாக்க வேண்டாம். அதற்குப் பதில் சேர்க்கப்படும் பிஸ்பீனால் எஸ் போன்றவை அதே குடும்பம். ஹார்மோனைப் போல நடிக்கும் குணமும் அவற்றுக்கு உண்டு.

ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லிகளும் சீக்கிரம் வெளியேறுபவைதான். ஆனால் அவை பூச்சியைக் கொல்வது நரம்புச் செய்தியை முடித்துவைக்கும் நொதியை முடக்கி. அதே நொதி நம் மூளையிலும் இருக்கிறது. இந்த மருந்துகளைச் சிதைக்க உதவும் பிஓஎன்1 என்ற நொதி பிறந்த குழந்தையிடம் மிகக் குறைவு. தாய் தாங்கிக்கொள்ளும் அளவைக் குழந்தை தாங்காது.

பால் பல் சொன்ன சாட்சி

மிகக் குறைந்த அளவுகூடத் தீங்கு செய்யும் என்று எப்படித் தெரிந்தது? ரத்தப் பரிசோதனை அந்த மாதத்துக் கணக்கைத்தான் காட்டும். அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மன், விழுந்த பால் பற்களைப் பாஸ்டன் அருகே இருந்த பள்ளிக் குழந்தைகளிடம் கேட்டு வாங்கினார். எலும்பைப் போலவே பல்லும் ஆண்டுக்கணக்கான காரீயத்தைச் சேர்த்துவைக்கும். 1979-இல் அவர் முடிவை வெளியிட்டார். நோய் அறிகுறியே இல்லாத குழந்தைகள்தான் அவர்கள். ஆனாலும் பல்லில் காரீயம் கூடக் கூட அறிவுத்திறன் மதிப்பெண் குறைந்தது, வகுப்பில் கவனம் சிதறுகிறது என்று ஆசிரியர்கள் சொல்வதும் கூடியது.

பின்னர் பல நாடுகளில் 1,333 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்த ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2005-இல் ஆய்வாளர் புரூஸ் லான்பியர் குழுவினர் பார்த்தார்கள். ரத்தக் காரீயம் டெசிலிட்டருக்கு 2.4-லிருந்து 10 மைக்ரோகிராமாக உயரும்போது அறிவுத்திறன் மதிப்பெண் 3.9 புள்ளி குறைகிறது. 10-லிருந்து 20-க்கு உயரும்போது 1.9 புள்ளி. 20-லிருந்து 30-க்கு 1.1 புள்ளி. முதல் சில மைக்ரோகிராம்தான் அதிகமாகப் பறிக்கிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று நிபுணர்கள் சொல்வது இதை வைத்துத்தான். ஒரு குழந்தைக்கு நான்கு புள்ளி குறைந்தால் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஊர் முழுக்கக் குறைந்தால், தனி உதவி தேவைப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை அந்த ஊரில் பெருகியிருக்கும்.

வீட்டில் எங்கே தவறு நடக்கிறது

பிறக்கப்போகும் குழந்தைக்காக அறையைப் புதுப்பிக்கும்போது. ஆசையோடு செய்யும் வேலை இது, அதனாலேயே முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய பெயின்டை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும், தீ ஊதி உரிப்பதும் காரீயத் தூசையும் புகையையும் வீடு முழுக்கப் பரப்பும். பெயின்ட் நன்றாக ஒட்டியிருந்தால் சுரண்டாமல் மேலேயே புதுப் பூச்சு அடிப்பது மேல். உரித்தே ஆக வேண்டும் என்றால் கர்ப்பிணியும் குழந்தைகளும் வேலை முடிந்து துடைத்து முடிக்கும்வரை வேறு வீட்டில் இருக்கட்டும். தரையில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, சுவரில் தண்ணீர் தெளித்து ஈரத்தோடு சுரண்டுவது, உதிர்ந்ததை விரிப்போடு சுருட்டிக் கட்டுவது என்று போக வேண்டும். புதிதாக வாங்கும் பெயின்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) கீழே என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய ஜன்னல்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். திறந்து மூடும்போது சட்டமும் கதவும் உரசி, பெயின்ட் மாவாகி ஜன்னல் விளிம்பில் படியும். தவழும் குழந்தை எழுந்து நிற்கப் பிடிப்பது அந்த விளிம்பைத்தான்; பிடித்த கை அடுத்த நொடி வாய்க்குப் போகும். குழந்தை ஒரு நாளில் 100 மில்லிகிராம் தூசு விழுங்குவதாகவும், அந்தத் தூசில் ஒரு கிராமுக்கு 400 மைக்ரோகிராம் காரீயம் இருப்பதாகவும் வைத்தால், 40 மைக்ரோகிராம் வயிற்றுக்குள் போகிறது. தொடக்கத்தில் பார்த்த உப்புப் பரலை நினைத்துக்கொள்ளுங்கள்.

உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் நுண்தூசு எழுந்து மறுபடி படியும். ஈரத்துணிதான் சரி. இரண்டு வாளி வேண்டும்: ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் அலசும் தண்ணீர். ஒரே வாளியில் முக்கி முக்கித் துடைத்தால் முதல் அறைத் தூசை மூன்றாம் அறைக்குப் பூசுகிறோம். ஜன்னல் விளிம்பில் தொடங்கித் தரையில் முடியுங்கள். அழுக்குத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாமல் கழிப்பறையில் ஊற்றுங்கள். குழந்தையின் கையைச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் முன்னால் சோப்பால் கழுவ வேண்டும். சானிடைசர் கிருமியைக் கொல்லும், காரீயத்தை அகற்றாது.

தண்ணீரில் பலரும் செய்யும் தவறு, கொதிக்கவைத்தால் எல்லாம் போய்விடும் என்று நம்புவது. கிருமி போகும். காரீயம், ஆர்செனிக், நைட்ரேட் போகாது; 2 லிட்டரை 1 லிட்டராக வற்றவைத்தால் அவற்றின் செறிவு இரட்டிப்பாகும். பழைய குழாயும் பித்தளை இணைப்பும் உள்ள வீட்டில் இரவு முழுக்கக் குழாயில் தேங்கிய தண்ணீரில்தான் காரீயம் அதிகம். காலையில் சில நிமிடம் ஓடவிட்டு (அந்தத் தண்ணீரைத் துவைக்கப் பிடித்துக்கொள்ளலாம்) பிறகு குடிக்கப் பிடியுங்கள். சமையலுக்கும் பால் கரைக்கவும் சூடுநீர்க் குழாயைத் திறக்க வேண்டாம், சூடு காரீயத்தை அதிகம் கரைக்கும். ஆர்செனிக்குக்கு நிறம், மணம், சுவை எதுவும் இல்லை. ஆழ்துளைக் கிணற்று நீரை ஆய்வகத்தில் சோதிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். வெறும் கரி வடிகட்டி நைட்ரேட்டைப் பிடிக்காது. எதிர்சவ்வூடு பரவல் (ஆர்ஓ) முறைக் கருவி இவற்றைக் கணிசமாகக் குறைக்கும், சவ்வை உரிய காலத்தில் மாற்றினால்.

மீனை விட்டுவிட வேண்டாம். கருவின் மூளைக்கு வேண்டிய கொழுப்பு அதில் இருக்கிறது. எந்த மீன் என்பதுதான் கேள்வி. பெரிய மீன் சிறிய மீனைத் தின்று, நீண்ட காலம் வாழ்ந்து, பாதரசத்தைச் சேர்த்துக்கொண்டே போகும். சுறா, வாள்மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களைக் கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் தவிர்க்க வேண்டும். மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களை வாரத்தில் இரண்டு மூன்று முறை சாப்பிடலாம். மெத்தில் பாதரசம் தசையோடு சேர்ந்திருப்பதால் தோலையும் கொழுப்பையும் நீக்குவதாலோ வேகவைப்பதாலோ குறையாது. தோலை வெளுப்பாக்கும் கிரீம்களிலும் பாதரசம் கலப்பது உண்டு. "கலோமெல்", "மெர்குரஸ் குளோரைடு" என்று எழுதியிருந்தாலும், உட்பொருள் பட்டியலே இல்லாவிட்டாலும் வாங்காதீர்கள். தாயின் கன்னத்தில் பூசியது அவள் தோல் வழியாகவும், கொஞ்சும் குழந்தையின் வாய் வழியாகவும் போகும்.

கரப்பானுக்கும் எறும்புக்கும் அறை முழுக்கத் தெளிப்பதைவிட, ஓட்டைகளை அடைத்து, ஈரத்தையும் சிந்திய உணவையும் நீக்கி, குழந்தைக்கு எட்டாத மூலையில் ஜெல் தூண்டில் வைப்பது பலன் தரும். பூச்சிமருந்தைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தைகள் அதைக் குடித்துவிடுகிறார்கள். வயலில் மருந்தடிப்பவர், பேட்டரி உடைப்பவர், பெயின்ட் அடிப்பவர், பற்றவைப்பவர் வீட்டில் இருந்தால் வேலை உடுப்பை வேலையிடத்திலேயே மாற்றி, குளித்துவிட்டுக் குழந்தையைத் தூக்கட்டும். அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும், கர்ப்பிணி துவைக்கக் கூடாது. பேட்டரியை வீட்டு முற்றத்தில் உடைப்பதைப் பற்றி விட்டுக்கொடுக்காமல் சொல்ல வேண்டும்: செனகல் நாட்டில் டக்கார் அருகே 2007-08-இல் பழைய பேட்டரிக் காரீயம் கலந்த மண்ணைத் தோண்டிச் சலித்த இடத்தில் சில மாதங்களில் 18 குழந்தைகள் இறந்தார்கள்.

பரிசோதனை செய்தால்

மேலே சொன்ன ஆபத்துகளில் ஏதேனும் வீட்டில் இருந்தால் ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் குழந்தையின் ரத்தக் காரீயத்தைப் பார்ப்பது நல்லது. விரல் நுனியில் குத்தி எடுத்தால் விரலில் ஒட்டிய தூசே எண்ணைக் கூட்டிக் காட்டக்கூடும். சோப்பால் நன்றாகக் கழுவிய பிறகே எடுக்க வேண்டும். அதிகம் என்று வந்தால் கை ரத்தக்குழாயிலிருந்து (சிரையிலிருந்து) எடுத்து உறுதிப்படுத்த வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 முதல் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமைக் கவனிக்க வேண்டிய எல்லையாக வைத்திருக்கிறது. 45-ஐ எட்டினால் காரீயத்தைப் பிடித்து வெளியேற்றும் செலேஷன் மருந்து தேவைப்படும்.

அதற்குக் கீழே மருந்து கொடுத்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். 20 முதல் 44 வரை இருந்த 780 குழந்தைகளிடம் அதைச் சோதித்து 2001-இல் முடிவு வெளியிட்டார்கள். மருந்து ரத்தக் காரீயத்தைக் குறைத்தது. இழந்த அறிவுத்திறனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. காரீயம் வரும் வழியை அடைக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் வெளியேறியதன் இடத்தில் புதிது வந்து சேரும். முடியைச் சோதித்து "நச்சு நீக்கம்" செய்வதாகச் சொல்லும் இடங்களில் இந்த மருந்துகளைக் கொடுப்பது ஆபத்து. அவை தேவையான தாதுக்களையும் சேர்த்து இழுத்துப் போகும்.

எண் 3.5-க்கும் 45-க்கும் இடையில் இருந்தால் செய்ய வேண்டியது ஜன்னல் விளிம்பைத் துடைப்பதும், தண்ணீரைச் சோதிப்பதும், வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார் என்று கேட்பதும், இரும்பும் கால்சியமும் வைட்டமின் சி-யும் உள்ள உணவை மூன்று வேளையும் கொடுப்பதும்தான். ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மறுபடி சோதியுங்கள்; எண் உயரமாக இருந்தால் அதற்கும் முன்பே. காரீயம் வரும் வழி அடைபட்டிருந்தால் எண் இறங்கத் தொடங்கியிருக்கும். நீண்ட காலம் உள்ளே போய்க்கொண்டிருந்த குழந்தைக்கு எலும்பிலிருந்து கசிந்துகொண்டே இருப்பதால் மெதுவாகத்தான் இறங்கும். இறங்கவே இல்லை என்றால், கண்டுபிடிக்காத ஒரு வழி வீட்டில் இன்னும் திறந்திருக்கிறது. மறுபடி ஜன்னலிலிருந்து தேடத் தொடங்குங்கள்.